ஒரே அளவுச் சட்டை

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. உனக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள். வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து என் போனைக் கேட்டார். "குடுங்கம்மா, பார்த்துட்டுத் தந்துடுறேன்" என்று வாங்கி, யார் யாரோடு பேசினேன் என்று சாவகாசமாகப் பார்த்து, உன் எண்ணைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். "தினமும் பார்ப்பேன். அழிச்சு வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்தானே, முடியாது என்று எப்படிச் சொல்வது?

அதனால் அந்த எண்ணைத் தூக்கி எறி. இனிமேல் எனக்குக் கூப்பிடாதே. கடிதத்தையும் வீட்டுக்கோ என் தையல் கடைக்கோ போடாதே, அங்கேயும் கண் வைத்திருக்கிறார்கள். தெருமுனை மருந்துக்கடை அண்ணன் பெயருக்குப் போடு. அம்மாவின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பேனர் அடிக்கிற மெஷின் வாங்கின அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "ரெண்டு வருஷம் பொறுக்கா, வாடகைக் கடை வேணாம், உனக்குச் சொந்தமாவே ஒரு கடை வாங்கித் தர்றேன்." மெஷினை அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், உன்னை விமானம் தூக்கிக்கொண்டு போனது, மிச்சமிருப்பது நான்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. எதிரே நிற்கிற ஆளே நிழலாகத்தான் தெரிகிறார். ஆபரேஷன் செய்துகொள் என்றால், "சின்னவன் வரட்டும். அவன் மூஞ்சியைப் பார்க்கத்தானே எனக்குக் கண்ணு" என்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

&nbsp;

ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, எழுதவே இல்லையே.

வேலை ஒரு சலவை ஆலையில். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். வெளுத்து, நீராவியில் அழுத்தி, மடித்து அனுப்ப வேண்டும். வெளுக்கிற மருந்தின் நெடிதான் தொண்டையைக் கமறவைக்கிறது. ஜலதோஷம் மாதிரி, வேறொன்றுமில்லை.

அறை கடைகளுக்கு மேலே, மாடியில். ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். எனக்கு மேல் கட்டில். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அதனால் ஒன்று நிற்கிறேன், இல்லாவிட்டால் படுக்கிறேன், உட்காருவதை விட்டுவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து பணம் அனுப்பிவிடுவேன். அந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கண்ணைச் சரிசெய்துகொள் என்று அம்மாவிடம் சொல்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 20

தம்பிக்கு,

அம்மா சுகம். என் இடுப்பு வலிக்கு இப்போது நல்ல ஓய்வு, தைக்க வேலை இல்லாததால். ஏன் இல்லை என்று சொல்கிறேன், கேள்.

அந்த ஆள் கத்துவதில்லை. கெட்ட வார்த்தை பேசுவதில்லை. கத்தினால் நானும் நாலு வார்த்தை கத்துவேன், தெரு கூடும், ஏதாவது ஒரு வழி பிறக்கும். இவர் என் கடைக்கு வந்து, வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். கடை திறந்ததும் வருகிறார், பூட்டும்போது போகிறார். பெண்களுக்குத் துணி தைக்கிற கடையில் ஓர் ஆம்பளை நாள் முழுக்கக் குந்தியிருந்தால் எவள் உள்ளே வந்து அளவு கொடுப்பாள்? வாசல்வரை வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், "அப்புறம் வர்றேன்க்கா" என்று எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் ஈ ஓட்டுகிறேன். அவருக்கு 'ஸ்டூல்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன், சிரிக்கவாவது ஒன்று வேண்டாமா?

பொறுக்கச் சொல் என்று எழுதியிருக்கிறாய். சொன்னால், "யார் சொன்னது, எப்போ சொன்னான்" என்று கேட்பார். அறிவு இருக்கிறதா உனக்கு?

எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதும் நல்லதுக்குத்தான். ஆகியிருந்தால் அந்த மனுஷனையும் ஜாமீனில் இழுத்துவிட்டிருப்பாய். அம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். உட்கார முடியாத கட்டிலைப் பற்றிக் கேட்டதும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். இனிமேல் அந்த மாதிரி எழுதாதே. எவ்வளவு முடியுமோ அவ்வளவு அனுப்பு.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இருமல் கொஞ்சம் இழுக்கிறது.

எண்ணை எறிந்தும் பிரயோஜனமில்லை. ஃபைனான்ஸ்காரர்கள் இங்கே சலவை ஆலை அலுவலகத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, "ஊருல பெரிய ஆளாமே நீ? தேடித் தேடிக் கூப்பிடுறாங்க" என்றார். விரிப்பு மடிக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

பணம் அனுப்ப முடியவில்லை. என்னை இங்கே அனுப்பிவைத்த ஏஜென்டின் பாக்கியை முதலில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் தரமாட்டாராம். உனக்கு இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். நான் ஒரேயடியாக இல்லாமல் போய்விட்டால் உன்னை விட்டுவிடுவார்களா?

உன் தம்பி

&nbsp;

ஏப்ரல் 22

டேய்,

கடைசியில் என்ன எழுதினாய் நீ? படித்ததும் மருந்துக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை அப்படி எழுதினால் நானே வந்து உன்னைக் கொன்றுவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனால் தையல் மெஷினை மிதிக்க மிதிக்க உன் கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு பெண் துணியோடு வந்தாள், பல நாளுக்குப் பிறகு. ஸ்டூல்காரரைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "நீங்க தேடுற ஆள் இனிமே இல்லைங்க. வேலை செய்யிற இடத்துல கரன்ட் அடிச்சுப் போயிட்டான். நேத்துதான் தகவல் வந்துச்சு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு தம்பி இருக்கான்மா" என்றார். "சாவு வீட்டுல நாங்க உட்காரமாட்டோம். ஆனா ஆபீஸ்ல செத்ததுக்குப் பேப்பர் கேப்பாங்க, வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போனைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னதும் பளாரென்று ஓர் அறை. "பெத்தவ உசிரோட இருக்கும்போது என்ன வார்த்தைடி இது!" பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, யாராவது வந்தா நான் என்ன சொல்லணும்?" என்றாள். சாயங்காலம் தெருவே வந்துவிட்டது. அம்மா அழுதாள் பார், நானும் நிஜமாகவே கூடச் சேர்ந்து அழுதுவிட்டேன். எல்லாரும் போனபிறகு, "சரியா அழுதேனா?" என்று கேட்டாள்.

போனில் மட்டும் இன்னும் பேசாதே. தெருவில் யார் அவர்களுக்குச் சொல்வார்கள் என்று தெரியாது.

அக்கா

&nbsp;

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

காலமானவன் எழுதுவது. செத்தபிறகு உடம்பு தேவலை, நீங்கள் சுகமா?

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேல் கட்டிலில் படுத்தபடி சிரித்தேன், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை, கீழே இருப்பவன் கட்டிலை உதைத்தான். எத்தனை நாளைக்குப் பிறகு தூங்கினேன் தெரியுமா? ஆலை அலுவலகத்துக்கும் இப்போது அழைப்பு வருவதில்லை. முன்பே செத்திருக்கலாம் போலிருக்கிறது.

அம்மா அப்படியா அழுதாள்? யார் யார் வந்தார்கள்? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்? எழுது.

உன் தம்பி

&nbsp;

ஜூன் 14

தம்பிக்கு,

உன் விளையாட்டுக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். படித்திருக்கக் கூடாது. நான் சுகம், அம்மா சுகமில்லை.

ஆள் வரும்போது அழுதவள் இப்போது ஆள் இல்லாதபோதும் அழுகிறாள். "அம்மா, யாரும் இல்லை, விடு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லுடி" என்றாள். எதை என்றேன். "உசிரோட இருக்கிற தம்பியைச் செத்துட்டான்னு எந்த அக்காவாவது சொல்லுவாளா? உனக்கு வாய் வராது. நிஜமாவே போயிட்டான், அதான் அந்த ஆளுகிட்டச் சொல்ல முடிஞ்சுது. எங்கிட்டதான் சும்மான்னு சொல்லி மறைக்கிற."

தலையில் அடித்துக்கொண்டேன். கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "நீயே எழுதி நீயே படிக்கிற. வாரம் தவறாம போன்ல பேசினவன் திடீர்னு லெட்டர் போடுவானா? அதுவும் காலமானவன் எழுதுவதுன்னு எம்புள்ள எழுதுவானா?" என்றாள்.

அவளுக்கு உன் கையெழுத்து நன்றாகத் தெரியும், ஆனால் கண் தெரியவில்லை. போட்டோவைக் காட்டினாலும் நிழல்தான். ஆபரேஷன் என்றால், "யாரைப் பார்க்க?" என்கிறாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. அவள் நம்புகிற மாதிரி இருப்பது உன் குரல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துக்கடை அண்ணன் போனுக்குக் கூப்பிடு. எண் கீழே எழுதியிருக்கிறேன். பயந்துகொண்டு இருந்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

ஜூலை 5

அக்கா,

போன ஞாயிறு கூப்பிடவில்லை. நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். உடம்பு கொஞ்சம் சரியில்லை, அவ்வளவுதான். வருகிற பதினெட்டாம் தேதி ஞாயிறு கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன். கூட வேலை செய்கிறவரின் போனைக் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.

உன் தம்பி

&nbsp;

ஜூலை 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இப்போது எனக்குத் தெம்பில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். உன் தொண்டைக்கு என்ன ஆயிற்று? "அம்மா" என்று நீ கூப்பிட்டதும் எனக்கே யாரோ என்றுதான் இருந்தது. ஜனவரியில் ஜலதோஷம் என்று எழுதினாய். இத்தனை மாதமாகவா ஒரு ஜலதோஷம்? டாக்டரிடம் போனாயா? போகவில்லை என்றால் ஏன் போகவில்லை? என்னிடம் எதை மறைக்கிறாய்?

நீ இருமிக்கொண்டே பேசினதையெல்லாம் அம்மா பொறுமையாகக் கேட்டாள். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து தாடையைப் பிளந்துகொண்டதைச் சொன்னாய், அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதைச் சொன்னாய். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நீ முடித்ததும் அவள் சொன்னது உன் காதில் சரியாக விழுந்ததோ என்னவோ, போனை வைத்துவிட்டாய்.

"நல்லாப் பேசுறப்பா. அவ சொல்லிக்குடுத்ததை ஒண்ணுவிடாமச் சொல்லிட்ட. யார் பெத்த புள்ளையோ, உன் தொண்டைக்குக் கஷாயம் வெச்சுக் குடி" என்றாள்.

வீட்டுக்கு வந்து, "பாவம்டி நீ" என்று என் தலையைத் தடவினாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் குறை. அன்றையிலிருந்து வெறும் தண்ணீரும் கஞ்சியும்தான். இதற்கிடையில் ஸ்டூல்காரர் தெருவில் என்னைப் பார்த்து, "பேப்பர் வந்துச்சாம்மா? மேல கேக்குறாங்க. இல்லேன்னா நான் மறுபடி வந்து உட்கார வேண்டியிருக்கும்" என்றார்.

நீ வந்து நின்றால் அம்மா தொட்டுப் பார்த்து நம்புவாள். வர முடியுமா என்று கேட்கமாட்டேன், பதில் எனக்குத் தெரியும். நீ வந்தால் பொய் சொன்னதற்கு என்னையும் உள்ளே தள்ளுவார்கள், அதுவும் தெரியும்.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 11

(தம்பிக்கு மருந்துக்கடைக்காரர் எழுதுவது. உங்கள் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். உங்கள் அக்காவுக்குத் தெரியாது. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், நானும் சேர்ந்து நடிக்கிறேன் என்கிறார். உங்கள் உறையின் பின்னாலிருந்த முகவரிக்கு இதை எழுதச் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.)

எம்புள்ள இருந்த ரூம்ல இப்ப இருக்கிற தம்பிக்கு,

நல்லா இருக்கியாப்பா? நீ யாருன்னு எனக்குத் தெரியாது. அங்க எம்மவன் இருந்தான். மேல் கட்டில். அந்தக் கட்டில்ல இப்ப யாரு படுக்கிறீங்களோ தெரியல, தலையை இடிச்சுக்காதீங்க.

அவன் செத்துப்போயிட்டான்னு எனக்குத் தெரியும். எம்பொண்ணு ஒத்துக்கமாட்டேங்குறா. அவளே லெட்டர் எழுதி, அவளே படிச்சு, யாரோ ஒரு பையனை விட்டு போன்ல பேச வெச்சா. அவளுக்கு அவன் தம்பி இல்ல, அவ தூக்கி வளர்த்த புள்ள. அவளால தாங்க முடியல. நானும் நம்புற மாதிரிதான் இருந்து பார்த்தேன், எனக்கு நடிக்க வரல.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவன் எப்படிப் போனான்? ரொம்ப வலிச்சுதா? பக்கத்துல யாராவது இருந்தாங்களா? அம்மான்னு கூப்பிட்டானா? எங்க புதைச்சாங்க? யாராவது பொய்யில்லாம ஒரு வார்த்தை சொன்னா, அழுது முடிச்சுட்டு நாலு வாய் சாப்பிடுவேன். எம்பொண்ணுக்காகவாவது இருக்கணும்ல. சாப்பாடு தொண்டையில இறங்கமாட்டேங்குதுப்பா.

உனக்கும் ஒரு அம்மா இருப்பாங்க. மறக்காம பதில் போடு.

அவனைப் பெத்தவ

&nbsp;

செப்டம்பர் 6

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்பு தேவலையா? நான் உங்கள் மகனோடு இதே அறையில் இருந்தவன். அவர் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். ஒரே ஆலையில்தான் வேலை பார்த்தோம். பொய்யில்லாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வலிக்கவில்லை அம்மா. நீராவி இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தார், ஒரு நொடிதான், கரன்ட் அடித்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் மடியில்தான் தலை இருந்தது. தனியாகப் போகவில்லை. அம்மா என்று கூப்பிட்டார். அன்று காலையிலும் உங்களைப் பற்றித்தான் பேசினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நீங்கள் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவீர்களாம், விரலை இழுத்துக்கொண்டால் முழித்துவிடுவீர்கள் என்று அசையாமல் படுத்திருப்பாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஊருக்கு வெளியே மரங்கள் உள்ள இடத்தில் புதைத்தோம். அறையில் இருந்த எல்லாரும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தோம். நல்ல நிழல். சத்தமில்லாத இடம்.

அவர் துணிமணிகளைத் திருப்பி அனுப்பவில்லை, மன்னிக்க வேண்டும். அவருக்கும் எனக்கும் ஒரே அளவு. இருந்தபோதும் ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்வோம், இப்போதும் நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் தம்பிக்காகச் செய்ததற்கெல்லாம் தம்பி எதுவும் திருப்பிச் செய்யவில்லை. அது அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. எனக்குத் தெரியும்.

நீங்கள் சாப்பிட வேண்டும். கண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவர் அதைத்தான் விரும்பினார்.

அறையில் உடன் இருந்தவன்

&nbsp;

செப்டம்பர் 30

என் தம்பியோடு அறையில் இருந்தவருக்கு,

நலமா என்று கேட்கிறேன். இதற்குமேல் மரியாதை எனக்கு வராது, விடு.

மருந்துக்கடை அண்ணன் அம்மாவின் முன்னாலேயே உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். அம்மா அவரை விட்டு அங்கே எழுதிப் போட்டதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது. அம்மா, "படிடி" என்றாள். அண்ணன் கடையில் நின்றபடியே படித்தேன். கால் பெருவிரல் இடத்தில் அம்மா சிரித்துவிட்டாள். "அதை இவன்கிட்ட சொல்லியிருக்கான் பாரேன்!" என்றாள். போனில் நீயே பேசினபோது நம்பாதவள், செத்துப்போய்ச் சொன்னதும் நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அப்புறம் தட்டை எடுத்துவைத்து, எனக்கும் போட்டு, தானும் சாப்பிட்டாள்.

ஸ்டூல்காரர் வந்தார். கடிதத்தைக் கேட்டார், கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆபீசுக்கு இது பத்தாதும்மா. ஆனா எனக்குப் போதும். நான் இனி வரல. வேற ஆளை அனுப்பினா அவன்கிட்டயும் இதையே காட்டுங்க" என்றார். கடையில் இப்போது பெண்கள் வருகிறார்கள்.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கண் தெரிந்ததும் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படிப்பாளாம். படித்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரியட்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன், உன்மேல் சத்தியமாக நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு அழத்தான் தெரியும், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. ஒரே நாளில் தெருவெல்லாம் சொல்லிவிடுவாள். மறுநாள் ஸ்டூலில் ஆள் உட்கார்ந்திருக்கும். அண்ணனை விட்டு இன்னொரு தாளில் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டேன். நீ எழுதினதையும், உன் பழைய கடிதங்களையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மா, "என்னடி கருகுற வாடை" என்றாள். பேப்பர் என்றேன்.

நான் செய்தது பாவம் என்று எனக்குத் தெரியும். உன்மேல் இருக்கிற கோபத்தில் செய்யவில்லை. களைத்துப்போய்ச் செய்தேன். தொண்டையை டாக்டரிடம் காட்டு. காட்டினாயா என்று எனக்குத் தெரியவரப்போவதில்லை, ஆனாலும் காட்டு.

இன்னொன்று. அம்மா என்னைப் போட்டு நச்சரித்து ஒரு சட்டை தைக்க வைத்தாள். "எம்புள்ளையை மடியில வெச்சிருந்தவனுக்கு நாம என்ன குடுத்தோம்? ஒரே அளவுன்னு எழுதியிருக்கான்ல, சின்னவன் அளவுக்கே தை" என்றாள். உன் அளவு இன்னும் கடையில் காகிதத்தில் வெட்டியபடி ஆணியில் தொங்குகிறது. துணியை அவளே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பொத்தான்களை அவளே தைத்தாள், கண் தெரியாமல், விரலைக் குத்திக்கொண்டு. மேலிருந்து இரண்டாவது பொத்தான் கொஞ்சம் கோணல், பிரித்துத் தைக்க எனக்கு மனசு வரவில்லை.

இதோடு அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுதாதே.

அக்கா